நாற்பத்தெட்டு வாரமும் நானும்

ரிட்டையர் ஆன மூன்றாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, என் மனைவி நடத்தும் குழந்தைக் காப்பகத்தை இழுத்து மூட வைத்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

பதறாதீர்கள். குழந்தைகள் மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது. எங்கள் ஹாலில் இருக்கும் ஒரே சாய்வு நாற்காலி மேல்தான் மோகம். முப்பத்தொரு வருஷம் ஆபீஸில் திட்டப் பிரிவில் குப்பை கொட்டியவன் நான். (வீட்டில் திட்டு வாங்கும் பிரிவு.) அத்தனை வருஷமும் எனக்கு ஒரே கனவு. ரிட்டையர் ஆனதும் அந்த நாற்காலியில் சாய்ந்துகொண்டு பேப்பரை வரி விளம்பரம் வரைக்கும் விடாமல் படிக்க வேண்டும். ரிட்டையர் ஆனேன். மறுநாள் காலை பேப்பரும் கையுமாக ஹாலுக்கு வந்தேன். நாற்காலியில் மேனேஜர் உட்கார்ந்திருந்தார்.

மேனேஜர் என்பது பத்து மாதக் குழந்தை. இரண்டு தலையணைக்கு நடுவே வைத்தால் வைத்த இடத்தில் இருப்பான். எந்த வேலையும் தெரியாது. ஆனால் ஒரு கத்துக் கத்தினால் போதும், மொத்த வீடும் ஓடும். வேறு என்ன பெயர் வைப்பது?

மேனேஜரைச் சேர்த்து மொத்தம் ஆறு பேர். நான்கு வயதுப் பெண் ஒன்று; அவளுக்குத் தெரிந்த முக்கியமான வார்த்தை 'ஏன்', அதனால் அவள் பெயரும் ஏன். மணிக்கு ஒரு தரம் தவறாமல் யாரையாவது கடிக்கிற ஒருவன், அவன் கடிகாரம். தூங்கும்போதுகூட காலில் மாட்டியதைக் கழற்றாத ஒருவன், அவன் பூட்ஸ். அப்புறம் இரட்டையர் இரண்டு பேர். யார் யார் என்று பெற்ற தாயே இரண்டு நிமிஷம் யோசிப்பாள். நான் 'இவன்', 'அவன்' என்று கூப்பிடுவேன். கூப்பிட்டால் இரண்டும் வராது.

காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து வரை ஹால் இவர்களுடையது. எட்டு வருஷமாக இப்படித்தான். நான் ஆபீஸ் போய்க்கொண்டிருந்த வரைக்கும் இது எனக்கு ஒரு செய்தி. இப்போது விபத்து.

'மூடிவிடு' என்று சொன்னால் என் மனைவி மூட மாட்டாள், என்னைத்தான் மூடச் சொல்வாள், வாயை. ஆகவே ஆபீஸ் மூளையைப் பயன்படுத்தினேன். எங்கள் பிரிவுக்கு வந்த நல்ல யோசனை எதுவுமே உயிரோடு திரும்பிப் போனதில்லை. யாரும் அதை எதிர்க்க மாட்டோம். விரிவாகத் திட்டம் போடுவோம். அதன் கனம் தாங்காமல் அதுவே செத்துவிடும். காப்பகத்துக்கும் அதே வைத்தியம்தான். இவள் தாங்க முடியாத அளவுக்கு ஒரு திட்டத்தைத் தலையில் கட்டினால், ஒரே மாதத்தில் "போதுங்க, மூடிடலாம்" என்று அவளே வந்து நிற்பாள்.

மெல்ல ஆரம்பித்தேன்.

"ஏம்மா, உன் காப்பகத்துக்கு ஆண்டுத் திட்டம்னு ஒண்ணு இருக்கா?"

"காலையில வர்றாங்க, சாயந்திரம் போறாங்க. இதுல என்னங்க திட்டம்?"

"அப்படிச் சொல்லலாமா? வாரத்துக்கு ஒரு தலைப்பு வேணும். நாளுக்கு ஒரு செயல்பாடு வேணும். நோக்கம், பொருள், விளைவு, எல்லாம் எழுத்துல இருக்கணும்."

"ஐயோ, அதெல்லாம் பெரிய வேலைங்க. உங்களால முடியாது, விடுங்க."

முடியாதா? என்னாலா? அன்று மத்தியானமே சார்ட் பேப்பர், ஸ்கேல், மூன்று வண்ணப் பேனா சகிதம் சாப்பாட்டு மேஜையைக் கைப்பற்றினேன். நாலு நாள் நிமிரவில்லை. விடுமுறை நாலு வாரம் போக நாற்பத்தெட்டு வாரம். வாரத்துக்கு ஐந்து நாள். இருநூற்று நாற்பது செயல்பாடு. வண்ண வாரம், ஒலி வாரம், வாகன வாரம், பூச்சி வாரம், நிழல் வாரம், கடிதம் போடும் வாரம், பழுது பார்க்கும் வாரம் என்று என் பேனா பாய்ந்தது. நடுவில் சொந்தச் சரக்காக மௌன வாரம் ஒன்று சேர்த்தேன். அது மிகவும் பிடித்துப்போகவே அமைதி வாரம், சிந்தனை வாரம், உதடு ஓய்வு வாரம் என்று பெயரை மாற்றி மாற்றி இன்னும் எட்டு இடத்தில் நுழைத்தேன்.

சார்ட்டை ஹால் சுவரில் ஒட்டியபோது ஜன்னல் பாதி மறைந்தது. மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தாள். மயங்கி விழுந்தால் தாங்கிப் பிடிக்கத் தயாராக நின்றேன்.

"அடேங்கப்பா! என்னமா எழுதியிருக்கீங்க!" என்றாள். "ஆனா இது என்னங்க, திங்கட்கிழமை, 'விரல்வழி வண்ண அனுபவம்'?"

"பெயிண்ட்டை விரலால தொட்டுப் பேப்பர்ல பூசணும்."

"எனக்கு இதெல்லாம் வராதுங்க. நீங்க ஒரே ஒரு வாரம் செஞ்சு காட்டுங்க. பாத்துக் கத்துக்கறேன்."

நியாயமாகத்தான் பட்டது. மேனேஜரை மடியில் வைத்துக்கொண்டு அவள் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தாள். என் பேப்பரைப் பிரித்தாள்.

வண்ண வாரம் தொடங்கியது. தண்ணீர் பட்டால் போய்விடுகிற பெயிண்ட்தான். ஆனால் தண்ணீர் படுவதற்கு முன் அது எங்கெல்லாம் போகும் என்று டப்பாவில் போடவில்லை.

"தாத்தா, இது என்ன கலர்?" என்றாள் ஏன்.

"சிவப்பு."

"ஏன்?"

"அது அப்படித்தாம்மா. எல்லாரும் சேந்து முடிவு பண்ணிட்டாங்க."

"ஏன் உங்களைக் கேக்கல?"

முப்பத்தொரு வருஷம் ஆபீஸில் நானும் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரட்டையர் விஷயத்தில் எனக்கு ஒரு அபாரமான யோசனை வந்தது. இவன் மூக்கில் நீலம் தடவினேன். அவன் மூக்கில் மஞ்சள். தாயாலும் முடியாததைச் சாதித்துவிட்ட பெருமிதத்தோடு கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் இரண்டு பேரும் மூக்கோடு மூக்கு உரசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு மூக்கும் பச்சை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை என்பது அன்றைக்கு ஐந்து பேருக்கும் ஆயுசுக்கும் மனசில் பதிந்துவிட்டது. சாயந்திரம் கூட்டிப் போக வந்த அம்மாக்களிடம் கத்திக் கத்திச் சொன்னார்கள். "யாரு சொல்லிக் குடுத்தா?" என்று ஒரு அம்மா கேட்டாள். "தாத்தா!" என்று ஐந்து விரல்கள் என்னைக் காட்டின. மேனேஜர் காலைக் காட்டினான்.

ஆபீஸில் என்னை யாரும் அப்படிக் காட்டியதில்லை. காட்டினாலும் வேறு காரணத்துக்காகத்தான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை மனைவியிடம் சொன்னேன். "பாத்துக்கிட்டேல்ல? அடுத்த வாரத்துலேர்ந்து நீ."

"பிரமாதமா செஞ்சீங்க. நான் எட்டு வருஷத்துல செய்யாததை ஒரே வாரத்துல செஞ்சிட்டீங்க. அடுத்தது ஒலி வாரமாச்சே, அது உங்களாலயே முடியாதுங்க. என்னால எப்படி முடியும்?"

என்னால் முடியாதாமே!

திங்கட்கிழமை சமையலறையில் இருந்த பாத்திரம் பூராவும் ஹாலுக்கு வந்தது. ஆளுக்கு ஒரு கரண்டி. கடிகாரம் மட்டும் கரண்டியைக் கடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் தட்டினான். சுவருக்கு அந்தப் பக்கம் பல் டாக்டர் ஒருவர் வீட்டிலேயே கிளினிக் வைத்திருக்கிறார். சாதாரணமாக நான் தும்மினாலே சுவரைத் தட்டுகிற மனிதர். பதினைந்தாவது நிமிஷம் அவர் வெள்ளைக் கோட்டோடு வாசலில் நின்றார். தொலைந்தது காப்பகம், இவரே மூட வைத்துவிடுவார் என்று எனக்கு ஒரு நப்பாசை.

"சார், இந்தச் சத்தம் எத்தனை நாளைக்கு?" என்றார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டாக்டர். மன்னிச்சுக்குங்க."

"அவ்வளவுதானா?" அவர் முகம் வாடியது. "உள்ள பல்லைப் பிடுங்கறப்ப கத்தற கத்தல் வெளியே கேக்கவே இல்லை சார். இன்னிக்குத்தான் வரிசையில உக்காந்தவங்க ஒருத்தர்கூட எழுந்து ஓடல. மாசத்துக்கு ஒரு ஒலி வாரம் போடலாமே?"

போகும்போது ஒரு கரண்டியை வாங்கி இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

மூன்றாவது வாரம். என் மௌன வாரம். முதலில் பேசுபவர் அவுட் என்று விதி. நம்ப மாட்டீர்கள், ஐந்து பேரும் அப்படியே வாயைப் பொத்திக்கொண்டார்கள். மேனேஜர் என் மனைவியின் தோளில் தூங்கிப்போனான். ஹாலில் ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. போய் நாற்காலியில் சாய்ந்தேன். கண் சொருகியது.

விழித்தபோதும் மௌனம்தான். ஆனால் ஹாலில் ஒரு குழந்தையும் இல்லை. சத்தம் இருக்கிற வரைக்கும்தான் நிம்மதி என்று அந்த ஒரு நொடியில் தெரிந்துகொண்டேன். எழுந்தபோது காலில் ஏதோ தட்டியது. ஒரு ஜோடி பூட்ஸ். நான் தூங்குகிறேன் என்று, சத்தம் வரக் கூடாது என்று, அந்தப் பொடியன் முதல் தடவையாக அதைக் கழற்றி என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டுப் போயிருந்தான். எனக்கு என்னவோ போல் இருந்தது.

படுக்கையறைக்கு ஓடினேன். ஐந்து பேரும் என் ஆபீஸ் வெள்ளைச் சட்டைகளைத் தரையில் வரிசையாக விரித்து வைத்திருந்தார்கள். வண்ண வாரத்தில் நான் சொல்லிக் கொடுத்த விரல்வழி அனுபவம் ஒவ்வொரு சட்டையிலும் பூத்திருந்தது. நல்ல மாணவர்கள். காலரைக்கூட விடவில்லை. கதவோரம் என் மனைவி மேனேஜரைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள்.

"எவ்வளவு நேரமா இங்க நிக்கறே?"

"ஆரம்பத்துலேர்ந்து."

"தடுக்கறதுக்கு என்ன?"

"பேசினா அவுட்டுன்னு சொன்னீங்களே!"

"தாத்தா அவுட்! டீச்சரும் அவுட்!" என்று ஐந்து பேரும் குதித்தார்கள்.

"போகட்டும் விடுங்க, ஆபீஸ் சட்டை இனிமே எதுக்கு உங்களுக்கு?" என்றாள். மறுநாள் அதில் ஒன்றைத் துவைக்காமலே போட்டுக்கொண்டேன். வயிற்றுப் பக்கம் ஒரு சின்னக் கை நீலத்தில் இருந்தது. நன்றாகத்தான் இருந்தது.

ஐந்தாவது வாரம் வாகன வாரம். அன்று புதன்கிழமை. நான் கையும் காலும் ஊன்றி பஸ்ஸாக ஓடிக்கொண்டிருந்தேன். முதுகில் மேனேஜர், விழாமல் இருக்க மனைவி ஒரு கையால் பிடித்தபடி கூடவே வந்தாள். பின்னால் இவனும் அவனும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஹாரன். அப்போது வாசலில் கனமான ஃபைலோடு ஒரு அம்மாள் வந்து நின்றார்.

"குழந்தைகள் நலத்துறையிலேர்ந்து வர்றேன். ஆய்வு."

மனசுக்குள் மணி அடித்தது. இதோ கடவுளே அனுப்பிய ஆள்! ஹால் சின்னது, சத்தம் பெரியது, பக்கத்தில் பல் டாக்டர் என்று நாலு வார்த்தை போட்டால் முடிந்தது. வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த அம்மாள் சுவர் பக்கம் திரும்பிவிட்டார். சார்ட்டை மேலிருந்து கீழ் வரைக்கும் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"இவ்வளவு விரிவான ஆண்டுத் திட்டத்தை நான் எந்தக் காப்பகத்துலயும் பாத்ததில்லை. யார் போட்டது?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு இதெல்லாம் எங்க மேடம் தெரியும்?" என்றாள். கல்யாணத்தன்றுகூட அவள் அவ்வளவு அடக்கமாகக் குனிந்ததில்லை. அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

"நான்தான்!" என்றேன், பஸ் நிலையிலேயே.

"தினமும் நடத்தறதும் நீங்கதானா?"

"நானேதான். ஒரு நாள் லீவு போட்டதில்லை."

"அஞ்சாவது வாரத்துல இருக்கீங்க. நாப்பத்தெட்டு வாரமும் விடாம செய்வீங்களா?"

"அது அவரால முடியாதுங்க மேடம்" என்றாள் மனைவி.

"யார் சொன்னது? கொண்டாங்க பேனாவை!"

காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். நாலு இடம். மேனேஜர் முதுகிலிருந்து கைதட்டினான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு தடித்த உறை வந்தது. மனைவி வாசலில் யாரோ ஒரு அம்மாவோடு பேசிக்கொண்டிருந்ததால் நானே பிரித்தேன். எங்கள் காப்பகம் ஆறு குழந்தைகளிலிருந்து பன்னிரண்டு குழந்தைகளுக்கு உயர்த்தப்படுகிறதாம். பின்னால் மனைவியின் விண்ணப்ப நகல். 'இரண்டாவது முழுநேர ஆள்' என்ற இடத்தில் 'கணவர்' என்று அவள் முத்து முத்தான கையெழுத்து. தேதியைப் பார்த்தேன். நான் ரிட்டையர் ஆவதற்கு மூன்று வாரம் முன்பு.

உள்ளே வந்தவளிடம் நீட்டினேன்.

"அப்ப, திட்டம் எதுக்குன்னு அன்னிக்குக் கேட்டியே?"

"விண்ணப்பத்தோட ஆண்டுத் திட்டமும் வேணும்னு கேட்டிருந்தாங்க. எழுதலாம்னு உக்காந்து பாத்தேன். நாலு வாரத்துக்கு மேல போகல. பெரிய வேலைங்க அது. என்னால முடியாது."

"என்னை வெச்சு..."

"நானா உங்களைச் செய்யச் சொன்னேன்? முடியாதுன்னுதானே சொல்லிக்கிட்டே இருந்தேன்?"

திரும்பிப் பார்த்தேன். ஹாலில் ஐந்து பேர் பூச்சி வாரத்துக்காகக் குப்புறப் படுத்துக்கொண்டு, தாத்தா எப்போது வந்து முதல் எறும்பாக முன்னால் போவார் என்று காத்திருந்தார்கள். மேனேஜர் என்னைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினான். சிரிப்பு வந்துவிட்டது. திட்டம் போட்டவனுக்கே ஒருத்தி முன்கூட்டியே திட்டம் போட்டிருக்கிறாள், போகட்டும். எழுதியதில் மிச்சமிருக்கும் எட்டு மௌன வாரமும் எனக்குத்தானே?

"சரி, செய்யறேன். ஆனா நாளைக்கு ஒரு நாள் ஓய்வு வேணும். இடுப்பு போயிடுச்சு" என்றேன், கொஞ்சம் கெத்தாகவே.

அவள் விண்ணப்ப நகலை ஃபைலில் சொருகிக்கொண்டே சொன்னாள்: "முதல் ஆறு மாசம் தகுதிகாண் பருவங்க. காரணத்தோட எழுதிக் குடுங்க, பாத்துச் சொல்றேன்."