எட்டுப் பொருத்தமுள்ள டாக்டர்

பெற்ற பிள்ளையின் முகத்தை முன்பின் தெரியாத ஒருவரின் கையில் கொடுக்கும்போது, அந்தக் கை நல்ல கைதான் என்று ஒரு தாய் எதை வைத்து அறிவாள்? மூன்றரை வருடமாக யோசிக்கிறேன், இன்னும் விடை கிடைக்கவில்லை. எப்படி அறியப் புறப்படக் கூடாது என்பது மட்டும் மிக நன்றாகத் தெரியும். அதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

என் மகள் மேலுதடு பிளந்து பிறந்தாள். பிளவு இடது மூக்குத் துவாரம் வரை போயிருந்தது. பிள்ளை வயிற்றில் இருந்தபோது கிரகணத்தன்று நான் கத்தி தொட்டதாக ஊரில் கதைத்துக்கொண்டார்கள். (தொட்டேனா? சத்தியமாக ஞாபகமில்லை. அன்று பூசணிக்காய்க் கறி சாப்பிட்டது ஞாபகம் இருக்கிறது. அதை யார் வெட்டியது?) பிள்ளைக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. கரண்டியால் பால் ஊட்டினால் பாதி குடிப்பாள், பாதியைக் கழுத்தில் வழியவிடுவாள், பிறகு முகம் முழுவதும் விரியச் சிரிப்பாள்.

என் கணவர் கொழும்பில் கிளாக்கர், லீவுக்குத்தான் வருவார். அளவெட்டி வீட்டில் என்னைப் பெற்ற ஐயாவும் நானும் பிள்ளையும்தான். “உன் யோசனைப்படி செய்” என்று கணவர் கடிதம் எழுதினார். ஒரு யோசனைக்கு எதிராக உடனே இன்னொரு யோசனை தோன்றுகிற என்னைப் போன்றவளுக்கு அதைவிடக் கொடுமையான உத்தரவு கிடையாது.

உதட்டைத் தைக்க இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் எங்கள் ஊர் மருந்துச்சாலை அப்போதிக்கரியார். மாடு குத்திய வயிறுகளையும், பனையால் விழுந்தவர்களின் மண்டைகளையும் தைத்துக் கை பழகியவர். “கொண்டு வா பிள்ளை, பத்து நிமிஷத்திலை இழுத்துத் தைச்சு விடுறன்” என்றார். அந்த ‘இழுத்து’ என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மற்றவர் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டாக்டர். யுத்த காலத்தில் இங்கிலாந்தில், எரிந்துபோன விமானிகளுக்குப் புது இமையும் புது மூக்கும் செய்துகொடுத்த நிபுணர்களோடு வேலை செய்தவர் என்று ஆங்கிலப் பத்திரிகையில் இருந்தது. அந்த வேலைக்குப் ‘பிளாஸ்டிக் சேர்ஜரி’ என்று பெயராம். ஒரு மனிதனின் தோலையே எடுத்து அவனுக்கே இமை செய்வதா! கடவுள் அவசரத்தில் விட்டதைத் திருத்துவதற்கும் ஒரு படிப்பு இருக்கிறதா! அந்தப் பத்தியை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதன் கடைசி வரி என்னைத் தூங்கவிடவில்லை. முதல் தையல் பிழைத்தால் பிறகு சரிசெய்வது மிகக் கடினம் என்று போட்டிருந்தது.

ஆகவே ஒரே ஒரு தரம்தான் தெரிவுசெய்யலாம். நேரே போய், “ஐயா, நீங்கள் மெய்யாகப் படித்தவர்தானா?” என்று கேட்பதா? மிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்குத் தையலும் பூகோளமும் படிப்பித்தார்கள். இதைக் கேட்கப் படிப்பிக்கவில்லை. அப்போதுதான் அந்த மகத்தான யோசனை தோன்றியது.

யாழ்ப்பாணத்தில் ஓர் ஆண்பிள்ளையின் படிப்பு மெய்யா பொய்யா என்று கண்டுபிடிக்க, கலியாணத் தரகரை மிஞ்ச ஆளில்லை. சோதனையில் கோட்டை விட்டுவிட்டுப் பாஸ் என்று சொல்லித் திரிந்த எத்தனையோ மாப்பிள்ளைமாரைப் பிடித்துக் கொடுத்தவர் எங்கள் தரகர் முத்துவேலர். நான் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து ஏழு கேள்விகள் எழுதினேன். பட்டம் உண்மையா, கை நடுங்குமா, குடிப்பழக்கம் உண்டா, கண் பார்வை எப்படி, கோபக்காரரா, காலையில் சாப்பிட்டுவிட்டா வேலை தொடங்குவார் என்று போய், ஏழாவதாக, இதுவரை எத்தனை பேருக்கு உதடு தைத்தார் என்று முடித்தேன். அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

“உதட்டை விடு பிள்ளை, மற்றதெல்லாம் நான் வழக்கமாக் கேக்கிறதுதான்” என்றார் முத்துவேலர். குடையை எடுத்துக்கொண்டு டாக்டரின் சொந்த ஊரான கரவெட்டிக்குப் புறப்பட்டார்.

இரண்டு நாளில் திரும்பி வந்தார். நான் அந்தத் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தேன்.

“லண்டன் பட்டம். சட்டம் போட்டு விறாந்தைச் சுவரிலை கொழுவியிருக்கு. சிவப்பு முத்திரையும் இருக்கு.”

“முத்திரை நிசந்தானோ?”

“கதிரையிலை ஏறித் தொட்டே பாத்தனான். குடி இல்லை. கோபம் இல்லை. கை நடுங்காதெண்டு தாய் சொல்றா.”

‘கை நடுக்கம் இல்லை (தாய் சொன்னது, நம்பலாமா?)’ என்று எழுதிக்கொண்டேன்.

“உதடு?”

“அதைக் கேக்க முந்தி இதைத் தந்திட்டா” என்று மடியிலிருந்து ஒரு குறிப்பை எடுத்தார். டாக்டரின் சாதகக் குறிப்பு! “கலியாண விஷயமா வரேல்லை எண்டு மூண்டு தரம் சொன்னனான். எல்லாத் தரகரும் முதல் அப்பிடித்தான் சொல்றவை எண்டு சிரிச்சுப்போட்டுக் கையிலை திணிச்சிட்டா. நீட்டின குறிப்பை வேண்டாமெண்டு சொல்லி எனக்குப் பழக்கமில்லைப் பிள்ளை.”

அந்தக் குறிப்பை அன்றே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் ஐயாவுக்குக் கொஞ்சம் சாத்திரம் தெரியும். (கொஞ்சம் என்பதுதான் ஆபத்து.) “வைத்தியனுக்கும் நோயாளிக்கும் பொருத்தம் வேண்டாமோ?” என்று டாக்டரின் குறிப்பையும் ஆறுமாதப் பிள்ளையின் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போடத் தொடங்கினார். நான் படித்தவள் அல்லவா, சிரித்தேன். பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று அவர் சொன்னபோது அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதென்று முடிவாயிற்று.

அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை நான் முழுகித் தலையில் துவாய் சுற்றியபடி, பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துப் பயற்றமா பூசிக்கொண்டிருந்தேன். படலையில் ஒரு கார் வந்து நின்றது. பட்டுச் சேலையில் இரண்டு பெண்கள் இறங்கினார்கள். மூத்தவர் கையில் வெற்றிலைத் தட்டம். இளையவர் கையில் ஒரு சீப்புக் கதலி வாழைப்பழம்.

“கரவெட்டியாலை வாறம். நான் டாக்குத்தரின்ரை தாய். இவ என்ரை தங்கச்சி.”

நான் மலைத்துப்போனேன். நோயாளியின் வீட்டைப் பார்க்க டாக்டரின் தாயே வருவதா! இங்கிலாந்துப் பழக்கமாக்கும் என்று நினைத்துக் கதிரை போட்டேன்.

அந்த அம்மா கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். “கிணத்திலை நல்ல தண்ணியோ?”

“நல்ல தண்ணி அம்மா. கொதிக்க வைச்சுத்தான் குடுக்கிறனான்.” (சுகாதாரத்தில் என்ன கவனம் என்று எனக்கு மெய்சிலிர்த்தது.)

“வீடு ஆற்றை பேரிலை?”

“என்ரை பேரிலை.”

“அப்ப தங்கச்சிக்கு?”

“எனக்குத் தங்கச்சி இல்லையே.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவர் மெதுவாகச் சொன்னார்: “குறிப்புத் தந்து இண்டைக்குப் பத்து நாள். பொருந்தாட்டி மூண்டாம் நாளே திருப்பி அனுப்பியிருப்பியள்தானே. வைச்சிருக்கிறபடியால் பொருத்தமெண்டு விளங்கிச்சு. அதுதான் பொம்பிளையைப் பாத்திட்டுப் போவமெண்டு வந்தனாங்கள்.”

அந்த நேரம் பார்த்து ஐயா உள்ளேயிருந்து குறிப்பும் கையுமாக ஓடி வந்தார்.

“எட்டுப் பொருத்தம் அம்மா! பத்துக்கு எட்டு! என்ரை கலியாணத்துக்கும் உவ்வளவு பொருந்தேல்லை!”

“ஆருக்கு?”

“இந்தா, இவவுக்கு” என்று என் மடியைக் காட்டினார்.

பயற்றமா பூசிய மணப்பெண் அவர்களைப் பார்த்து, இரண்டாகப் பிளந்த உதட்டால் வாய் நிறையச் சிரித்தாள்.

நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்கக் கேட்க அந்த அம்மாவின் முகம் சிவந்தது.

“அப்ப என்ரை பிள்ளைக்கு இஞ்சை சோதினை நடக்குது! லண்டனிலை வெள்ளைக்காரர் வைச்ச சோதினை காணாதோ? அளவெட்டியிலையும் ஒண்டு பாஸ்பண்ண வேணுமோ? கை நடுங்குமோ எண்டு அந்த மனுசன் கேக்க, தாலி கட்டத்தான் கேக்கிறாரெண்டு நினைச்சன்! குறிப்பைத் தாங்கோ!”

ஐயா பதறிக் கையில் அகப்பட்ட தாளில் குறிப்பைச் சுற்றிக் கொடுத்தார். கார் கதவு சாத்தப்பட்டது, மறுபடி திறந்தது. தங்கச்சிக்காரி இறங்கி வந்து, கொண்டுவந்த வாழைப்பழச் சீப்பைத் தூக்கிக்கொண்டு போனார்.

கார் போன பிறகுதான் என் கேள்வித் தாளைத் தேடினேன். காணவில்லை. ஐயா குறிப்பைச் சுற்றிக் கொடுத்தது அந்தத் தாளில்தான்.

அந்த இரண்டு நாளும் நான் பட்ட பாட்டை எழுத முடியாது. தாயை வீட்டுக்கு வரவைத்து அவமானப்படுத்தியவளின் பிள்ளைக்கு எந்த மகன் ஊசி எடுப்பான்? “அப்போதிக்கரியாரிட்டையே போவம்” என்றார் ஐயா. சனிக்கிழமை அவருக்கு வருவதாக ஆள் அனுப்பினேன். பின்னேரம், வரவில்லையென்று அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடியும் வருவதாக அனுப்பியபோது, “உந்தப் பிள்ளைக்கு முதல் ஒரு மருந்து குடுக்க வேணும்” என்று என்னைப் பற்றிச் சொல்லி அனுப்பினார். பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் ‘இழுத்து’ என்ற சொல் காதில் கேட்டது. திங்கட்கிழமை விடிய அவளைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினேன். திட்டினால் திட்டட்டும், காலில் விழுவது என்று தீர்மானித்திருந்தேன்.

டாக்டர் மெலிந்த, களைத்த மனிதர். மேசையில் என் தாள் விரித்து வைக்கப்பட்டிருந்தது.

“அளவெட்டியோ?” என்றார்.

“ஓம்.”

“எட்டுப் பொருத்தம்.”

பூமி பிளந்து என்னை உள்ளே எடுத்துக்கொள்ளாதா என்றிருந்தது.

“‘தாய் சொன்னது, நம்பலாமா’ எண்டு எழுதியிருக்கிறியள். நல்ல கேள்வி. நம்பாதையுங்கோ. ஊரிலை பாம்பைக் கண்டு நான் நடுங்கினதை அவ சொல்லியிருக்கமாட்டா.” கையை மேசைக்கு மேலே நீட்டினார். அசையவில்லை. “ஏழாம் கேள்விக்குத் தரகர் பதில் எடுக்கேல்லை. நான் சொல்றன். பெரிய டாக்குத்தர்மார் பக்கத்திலை நிக்கப் பதினாறு உதடு. தனிய ஒம்பது. அந்த ஒம்பதிலை ஒண்டு எனக்குத் திருப்தியில்லை.”

“ஏன் சேர்?”

“அவசரப்பட்டிட்டன். பிள்ளை கொஞ்சம் நிறை காணட்டுமெண்டு பொறுத்திருக்க வேணும். உங்கடை பிள்ளையையும் ரண்டு மாதத்தாலைதான் தொடுவன்.”

தான் பிழைவிட்ட ஒன்றை, கேட்காமலே, ஒரு கிராமத்துப் பெண்ணிடம் சொன்ன மனிதரை நான் அதற்கு முன் கண்டதில்லை. எந்தச் சிவப்பு முத்திரையும் அப்படி என்னை அசைத்திருக்காது. அது நல்ல கைக்கு அத்தாட்சி ஆகுமா? தெரியாது. ஆனால் பிள்ளையை நீட்டிவிட்டேன்.

அவர் மெல்லிய பேனாவை நீல மையில் தோய்த்து, அவளுடைய உதட்டில் புள்ளி புள்ளியாக வைத்தார். கவராயம் போன்ற சின்னக் கருவியால் அளந்தார். கோலம் போடுகிறவர்களின் கண்போல் அவர் கண் புள்ளிக்குப் புள்ளி போனது. பிறகு என்னைக் கிட்டக் கூப்பிட்டுக் காட்டினார்.

“பாருங்கோ. இந்த வளைவின்ரை மிச்சம் இஞ்சை நிக்குது. இந்தச் சிவப்பின்ரை மிச்சம் அங்கை. ஒண்டும் குறையேல்லை அம்மா. எல்லாம் இருக்கு. சேராமல் இருக்கு, அவ்வளவுதான்.”

ஆறு மாதமாக நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு குறையை. அவர் பார்த்தது முழு உதட்டை.

இரண்டு மாதம் கழித்துச் சத்திரசிகிச்சை நடந்தது. நானும் ஐயாவும் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு டாக்டர் வந்து எங்கள் பக்கத்திலேயே பொத்தென்று உட்கார்ந்தார். யாரோ அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்தார்கள். கோப்பை தட்டில் கடகடவென்று அடித்தது. நான் அவர் கையைப் பார்ப்பதைக் கண்டுவிட்டார்.

“இப்ப நடுங்கலாம்” என்றார்.

குதிரைமயிரால் போட்ட தையல், எறும்பு வரிசைபோல் அவ்வளவு சின்னது. அவள் அதைப் பிய்க்காமலிருக்க முழங்கைகளுக்கு மட்டையில் குழாய் செய்து மாட்டியிருந்தார்கள். ஒரு கிழமை அவள் சிப்பாய்போல் விறைப்பாகக் கிடந்தாள். தையல் வெட்டிய மறுநாள் சிரித்தாள். அழகான சிரிப்பு. ஆனால் யாருடைய பிள்ளை என்று ஒரு கணம் திகைத்துவிட்டேன். எனக்குப் பழகிய சிரிப்பு அதுவல்லவே.

டாக்டரின் தாய்க்குக் கோபம் ஆற ஒரு வருடம் எடுத்தது. மகனுக்கு வேறிடத்தில் கலியாணம் நிச்சயமானபோது எங்களுக்கும் அழைப்பு வந்தது. பந்தலில், நூறு பேருக்கு முன்னால், என் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு, “இவதான் என்ரை மூத்த மருமோள். மற்றவ ரண்டாவது” என்றார். அன்றிலிருந்து இரண்டு ஊரிலும் அவளுக்கு அதுதான் பெயர். டாக்டரின் மனைவிக்கு ஆறு பொருத்தம்தானாம். ஐயா இதை இன்னமும் எல்லோருக்கும் சொல்கிறார்.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கடைசித் தரம் காட்டப் போனபோது டாக்டர் எனக்கு ஒரு கடித உறை தந்தார். உள்ளே, சத்திரசிகிச்சைக்கு முன்பு மகளை எடுத்த படம். “வைச்சிருக்கிறதும் எரிக்கிறதும் உங்கடை விருப்பம்” என்றார். அது அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. மகளுக்கு இப்போது நாலு வயது. போன கிழமை கண்ணாடிக்கு முன் நின்று, உதட்டின் மேலிருக்கும் மெல்லிய கோட்டை விரலால் தடவி, “அம்மா, இது ஆர் கீறினது?” என்று கேட்டாள். படத்தைக் காட்டச் சொல்கிறார் ஐயா. எரிக்கச் சொல்லிக் கணவர் எழுதியிருக்கிறார். ஒருநாள் நெருப்புப்பெட்டியையும் எடுத்துவிட்டேன். ஆனால் அந்தப் படத்தில் அவள் சிரிக்கிறாள், அந்தப் பழைய சிரிப்பு. அது இனி வேறு எங்கும் கிடையாது.

காட்டுவதா, எரிப்பதா, காட்டுவதென்றால் எந்த வயதில்? பிள்ளை பெற்றவர்கள் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.