மிசியின் குதிரை வாட்டு

குதிரைகளுக்குப் பார்வையாளர் நேரம் வைத்த ஒரே மனிசி இந்த உலகத்தில் எங்கள் மிசிதான். போன மாசியில் அவர் காலமானபோது வந்த மரண அறிவித்தலில் கனடா, லண்டன், நோர்வே என்று மூன்று நாட்டுச் சொந்தங்களின் பெயர் இருந்தது. வட்டுக்கோட்டையில் அவர் வளர்த்த குதிரைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்தக் குறைக்குத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரித் தாதிமாரை மிசி என்றுதான் கூப்பிடுவோம். இவர் ஓய்வு பெற்று, தலை முழுக்க நரைத்த பிறகும் மிசியாகவே இருந்தார். சொந்தப் பெயரைக் கேட்டால், "அது பென்சன் கந்தோருக்குத் தெரியும்" என்பார்.

நான் அப்போது மிருக வைத்தியசாலையில் உதவியாளர். பக்கத்து வளவு மாஸ்டர், குதிரைச் சாணம் மணக்கிறது, சாப்பிட முடியவில்லை என்று முறைப்பாடு கொடுத்திருந்தார். விசாரிக்கப் போனேன். மிசி வாசல் படலையிலேயே மறித்தார். இடுப்பில் கத்தரிக்கோல் தொங்கியது.

"எங்கை போறீர்?"

"குதிரையளைப் பாக்க, மிசி."

"பன்னிரண்டு மணிக்குத்தான் பார்வையாளர் நேரம். உங்கை நில்லும்."

"நான் கந்தோரிலையிருந்து வாறன்."

"மந்திரி வந்தாலும் உங்கைதான்."

ஒன்றரை மணித்தியாலம் வெயிலில் நின்றேன். முறைப்பாடு கொடுத்த மாஸ்டரும் வந்து பக்கத்தில் நின்று காய்ந்தார். பன்னிரண்டுக்கு மணி அடித்தது. உள்ளே, பழைய புகையிலைக் கொட்டிலில், ஆஸ்பத்திரி வாட்டில் நோயாளிகள் மாதிரி, ஐந்து குதிரைகள் வரிசையாக நின்றன. கலியாண ஊர்வலத்துக்கும் கடற்கரைச் சவாரிக்கும் ஓடி, புண்ணும் நொண்டியுமாகத் தெருவில் விடப்பட்டவை. ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் ஓர் அட்டை தொங்கியது. காய்ச்சல், நாடி, குடித்த தண்ணீர், போட்ட சாணம் எல்லாம் மணிவாரியாக எழுதியிருந்தது. பெயர் என்ற இடத்தில் முதலாம் கட்டில், இரண்டாம் கட்டில் என்றிருந்தது. அந்தக் கொட்டிலில் கட்டில் ஒன்றுகூட இல்லை.

"சாணம் மணக்குது எண்டு..." என்று தொடங்கினேன்.

"வயிறு வேலை செய்யுது எண்டு அர்த்தம். மணக்காட்டித்தான் நீர் வரோணும்."

அடுத்த மாரி மழைக்கு மாஸ்டரின் வேலியோரக் கத்தரி ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. பார்வையாளர் நேரத்தில் இரண்டு வெறும் சாக்கோடு வந்து தலையைச் சொறிந்தார்.

"மிசி, கொஞ்சம் எரு..."

"முதல்ல முறைப்பாட்டைத் திருப்பி எடுங்கோ மாஸ்டர்."

எடுத்தார். அதோடு சாணம் அள்ளும் வேலையும் அவர் தலையில் விழுந்தது. மிசி போன பிறகும் காலையில் கொட்டிலைக் கூட்டுவது அவர்தான்.

இரண்டாம் கட்டில் ஒரு கலியாணக் குதிரை. ஒருநாள் மேளச் சத்தம் கேட்டுக் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிப்போய், அரை மைல் தள்ளியிருந்த கலியாண மண்டப வாசலில் நின்றது, ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி. மாப்பிள்ளை வீட்டார் அதைப் பொம்பிளை வீட்டாரின் ஏற்பாடு என்று நினைத்தார்கள். பொம்பிளை வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரின் ஏற்பாடு என்று நினைத்தார்கள். இரு பகுதியும் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருக்க, மிசி சைக்கிளில் வந்து இறங்கினார்.

"தள்ளுங்கோ! இது இன்னும் டிஸ்சார்ஜ் ஆகாத ஆள்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கிட்டப் போன பிறகுதான் அது உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது. மிசி அதன் காதுகளில் பஞ்சு அடைத்து, தலையைக் கட்டிக்கொண்டு மேளம் ஓயும்வரை நின்றார்.

"அடிச்சுப் பழக்கியிருக்கிறாங்கள். மேளம் கேட்டுக் காலைத் தூக்காட்டி அடி விழும் எண்டு இன்னும் நினைக்குது," என்றார்.

நாலாம் கட்டில் ஒரு கிழட்டு வெள்ளைப் பெண் குதிரை. கடற்கரையில் பிள்ளைகளைச் சுமந்து முதுகு வளைந்தது. பின்னேரத் தேத்தண்ணி குடித்த பிறகு மிசி அதன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, பேப்பரில் வந்த மரண அறிவித்தல்களை வாசித்துக் காட்டுவார். "இவவை எனக்குத் தெரியும். நாரி நோ, இடுப்பு நிமித்தேலாமல் வாட்டிலை கிடந்தவ. ஊசி எண்டால் கட்டிலுக்குக் கீழை போயிடுவா." குதிரை காதை ஆட்டிக் கேட்கும். மற்ற எந்தக் கட்டிலோடும் அவர் அப்படிக் கதைத்ததை நான் காணவில்லை.

போன வருடம் ஐப்பசி மழையில், கிணற்றடிச் சேற்றில் அது சறுக்கி விழுந்தது. பின்னங்கால் எலும்பு இரண்டாகிவிட்டது. எங்கள் டொக்டர் வந்து பார்த்தார். சின்ன வயசுப் பெண். தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

"மிசி, இது பொருந்தாது. ஊசி போட்டு நித்திரையாக்கிறதுதான் நல்லது."

மிசி சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டிருக்கலாம் என்று எனக்கு இருந்தது.

"பிள்ளை, சண்டைக் காலத்திலை வாட்டிலை மருந்து எல்லாம் முடிஞ்சு நிண்டனான். ஈரத் துணியாலை உதட்டை நனைச்சு விடுறதைத் தவிர ஒண்டும் செய்யேலாமல் நிண்டனான். இப்ப உம்மடை பெட்டி நிறைய மருந்து. அதை வைச்சுக் கொல்லப்போறன் எண்டு சொல்லுறீர்."

டொக்டர் அழுதுவிட்டார். மிசி அவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்.

தன் சேலைகளை முறுக்கித் தொட்டில் மாதிரிக் கட்டினார். மாஸ்டரும் நானும் அயலவரோடு சேர்ந்து குதிரையைக் கொட்டிலுக்கு இழுத்துவந்து, கூரை வளையில் கயிறு போட்டுத் தூக்கினோம். அது முனகிய முனகலில் மாஸ்டர் கயிற்றைக் கட்டிய கையோடு வெளியே போய் நின்றார். மூன்றாம் நாள் அது தண்ணீருக்கும் வாய் திறக்கவில்லை. மிசி அட்டையை எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டொக்டர் பிள்ளையை வரச்சொல்லும்," என்றார்.

தொட்டிலை இறக்கி, அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தார். டொக்டர் ஊசியை எடுத்ததும் அதன் கண்ணைக் கையால் மறைத்தார்.

"ஒரு சின்ன ஊசி, மோனை. எறும்பு கடிச்ச மாதிரித்தான் இருக்கும்."

முப்பது வருடமாக எத்தனை நோயாளிகளிடம் சொன்ன பொய்யோ.

மண் வெட்டும் மெஷின் பிடித்து வளவின் பின்பக்கம் கிடங்கு வெட்டிப் புதைத்தோம். மண் மூடிய பிறகு, மிசி நாலாம் கட்டில் இடத்தை டெட்டோல் ஊற்றிக் கழுவினார். கழுவி முடித்து, இன்னொரு தரமும் கழுவினார். பிறகு படலைக்கு வந்து என் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார்.

"தம்பி, என்னை எங்கையாவது கொண்டுபோம்."

"எங்கை மிசி?"

"எங்கையாவது. ஆனால் ஹெல்மெட் இல்லாமல் ஏறமாட்டன். தலை உடைஞ்சவையைக் கனக்கப் பாத்தனான்."

மாஸ்டர் ஓடிப்போய்த் தன்னுடைய ஹெல்மெட்டைக் கொண்டுவந்தார். அது மிசியின் மூக்குவரை இறங்கியது. ஒரு பக்கமாக ஏறி இருந்தார். அராலிப் பக்கம் விட்டேன். இரண்டு பக்கமும் வயல், அதற்கப்பால் கடல். கொஞ்சத் தூரம் போனதும் ஹெல்மெட் என் முதுகில் வந்து முட்டியது. பிறகு அங்கேயே இருந்துவிட்டது. முதுகில் சேட்டு நனைவது தெரிந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கடற்கரை வந்ததும் நிற்பாட்டாமல், அதே வேகத்தில், வந்த வழியே திருப்பினேன். பிறகு இன்னொரு சுற்றுப் போனோம்.

வீட்டில் என் மனிசி கேட்டாள், "மழை பெய்யேல்லையே, உதென்ன முதுகு மட்டும் ஈரம்?"

வேர்வை என்று சொன்னேன். அந்தச் சேட்டைத் தோய்க்கக் கொடுக்க இரண்டு நாள் எனக்கு மனம் வரவில்லை.