மறக்கடித்தலில் அடி எங்கே?

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் வீட்டுக்காரனும் தையல்காரனுமான நான் எழுதிக்கொள்வது. இங்கு மூவரும் சுகம். அங்கு உங்கள் சுகத்தையும், அகராதியில் நீங்கள் கட்டி மேய்க்கும் 'ம' வரிசையின் சுகத்தையும் அறிய ஆவல்.

நல்ல வேளை, உங்கள் கடிதம் வந்தது! ஒன்றே முக்கால் வயதாகியும் உங்கள் மருமகள் அம்மாவை விடுவதாக இல்லை. திங்கட்கிழமை உங்கள் தங்கை மறுபடி பஸ் ஓட்டப் போகாவிட்டால் வேலையே போய்விடும். பக்கத்து வீட்டு நர்ஸம்மா, "பால் மறக்கடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார், அவ்வளவுதான், "அடிக்கிறதா? எம்புள்ள மேல ஒரு விரல் பட்டுச்சு, அப்புறம் தெரியும் சேதி!" என்று இவள் என் கத்தரிக்கோலைக்கூடப் பிடுங்கி ஒளித்துவிட்டாள். அது அடி உதை இல்லை, தோற்கடித்தல், மூழ்கடித்தல் மாதிரி மறக்கச் செய்வது என்று நீங்கள் எழுதிய பிறகுதான் கத்தரிக்கோல் திரும்பியது. இதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'வீன்' (wean) என்ற சொல்லின் வேருக்குப் 'பழக்குதல்' என்று பொருள் என்றும் எழுதியிருந்தீர்கள். அதை நான் சட்டை பண்ணவில்லை.

மறக்கவேண்டும் என்றால் அந்தப் பேரே காதில் விழக்கூடாதே! வீட்டில் அந்தச் சொல்லுக்குத் தடை போட்டேன். பால்காரரை "வெள்ளைக்காரரே" என்று கூப்பிட்டேன், மனுஷர் மூன்று நாளாக முறைக்கிறார். பால்கனி வெறும் கனியானது. ஒருவர் வந்து ஃபுட்பால் டவுசர் தைக்கவேண்டும் என்று ஆரம்பிக்க, நான் பாய்ந்து அவர் வாயைப் பொத்த, பாதி அளவோடு ஓடியே போய்விட்டார். இவ்வளவு செய்தும் குழந்தை ஒன்றையும் மறக்கவில்லை மச்சான். கடைசியில் மிஷினில் உட்கார்ந்தபடியே வாழைப்பழத்தை மசித்து ஊட்டினேன், ஊட்ட ஊட்டப் பழகிக்கொண்டாள். நேற்றிலிருந்து அம்மா பக்கமே போகவில்லை. அப்பாடா! இப்போதுதான் எனக்கு மூச்சே வருகிறது.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் 'ம' நல்லபடியாக முடிந்து 'ய' பிறக்க வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையிடம் கத்தரிக்கோலை மீட்டவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் உள்ளே எட்டிப் பார்த்தேன். "என்னைச் சுத்தமா மறந்துட்டியாடி தங்கம்? ஒரே ஒரு தடவை..." என்று உங்கள் தங்கைதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை மடியில் போட்டிருக்கிறாள். உங்கள் மருமகளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. "அப்போ திங்கட்கிழமை?" என்றேன். "பகல்ல நீங்க ஊட்டுங்க, சாயங்காலம் நான் வந்துடுவேன்ல!" என்கிறாள். எனக்கும் என்னமோ நிம்மதியாகத்தான் இருக்கிறது. ஆகவே, மேலே மறந்தாள் கிறந்தாள் என்று தோன்றும்படி எழுதியதை எல்லாம் அடித்துவிடவும். இது நிஜ அடி.