ஜோடி சாரும் ஒற்றைக்கால் ஷூவும்

ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் நடுவில் ஒருவரையும் தனியாக இருமக்கூட விடாத மனிதர் ஒருவர் இருக்கிறார். வகுப்பில் ஒரு பிள்ளை இருமினால், "பக்கத்துல யாரு? முதுகைத் தட்டாம வேடிக்கை பாக்குறியா?" என்று கரும்பலகையைப் பார்த்தபடியே கேட்பார். தட்டிய பிறகுதான் கணக்கு தொடரும்.

ஊர் அவரை ஜோடி சார் என்றது. சொந்தப் பெயரைச் சொல்லித் தபால்காரர் விசாரித்தால், அவருடைய மனைவியே ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்.

கணக்கில் எம்.எஸ்ஸி. படித்துவிட்டு வேலை கிடைக்காமல் ஷூ கம்பெனியில் தரம் பார்க்கப் போனவர் அவர். வலது காலையும் இடது காலையும் பக்கத்தில் வைத்து நிறமும் தையலும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒத்துப்போகாத ஒற்றை ஷூவைத் தூக்கிப் போட மாட்டார்கள். தனி அடுக்கில் வைத்துவிடுவார்கள். அதற்கு 'ஹோல்டு' என்று பெயர். சரியான ஜோடி வரும்வரை அது அங்கே காத்திருக்கும். மற்றவர்கள் எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இவர் ஒரு தத்துவத்தோடு போனார்.

அந்தத் தத்துவத்தை வைத்துக்கொண்டு மனைவியோடு சேர்ந்து ஒரு சின்னப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். எல்.கே.ஜி. முதல் பத்தாவது வரை. கட்டடம் முன்பு தோல் மண்டியாக இருந்தது. மழை பெய்தால் சுவர்களுக்குப் பழைய ஞாபகம் வந்துவிடும். நான் அங்கே தமிழய்யா. மூக்கைப் பொத்திக்கொண்டு மெல்லினம் கற்பித்தவன் தமிழ்நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பள்ளியில் எல்லோருக்கும் ஒரு ஜோடி உண்டு. ஒரு பெஞ்சில் இரண்டு பேர். உன் ஜோடிக்கு வாய்ப்பாடு தெரியாவிட்டால் உனக்கும் தெரியாது என்று அர்த்தம். ஜோடி வரவில்லை என்றால் நீ எழுந்து நின்று, "லைன் நிக்குது சார்" என்று சொல்ல வேண்டும். கம்பெனியில் ஒரு மெஷின் நின்றால் சொல்லும் வார்த்தை அது. உடனே பாடம் நிற்கும். ஜோடி சார் தன் டிவிஎஸ் ஃபிப்டியை எடுத்துக்கொண்டு, சொன்ன பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்து, வராத பிள்ளையைத் தேடிப் புறப்படுவார். "ஒத்தக்கால் ஷூவ எவன் வாங்குவான்?" என்று தெருவெல்லாம் கேட்டுக்கொண்டே போவார். 

ஆசிரியர்களுக்கும் ஜோடி உண்டு. எனக்கு வாய்த்தது வேன் டிரைவர் பாபு. பாபுவுக்குக் காய்ச்சல் என்றால் தமிழ் வகுப்பு கிடையாது. நான் கஞ்சி வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போக வேண்டும். எனக்குத் தலைவலி என்றால் வேன் வராது. இதற்காகவே பெற்றோர்கள் என் உடம்பைப் பற்றி மிகுந்த அக்கறையோடு விசாரிப்பார்கள். சொந்தக்காரர்கள்கூட என்னை அப்படி விசாரித்ததில்லை.

ஒருமுறை ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் ஆலங்காயம் பக்கம் குலதெய்வம் கோயிலுக்கு மொட்டை போடப் போயிருந்தான். ஜோடி சார் அங்கேயும் போய்விட்டார். நாவிதர் பாதித் தலையை முடித்திருந்தார். மீதியைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று சார் பையனை அப்படியே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். பின்னாலேயே ஆட்டோவில் அவன் அம்மா வந்தார்.

"இன்னா சார் இது? சாமிக்குப் பாதி மொட்டையா குடுப்பாங்க?"

"மீதிய ஹோல்டுல வெச்சிக்க சொல்லும்மா. இன்னிக்கு பின்னக் கணக்கு."

பையன் அன்று பின்னத்தை மறக்கவே முடியாதபடி கற்றுக்கொண்டான். எதிரே உட்கார்ந்திருந்தவர்களும்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெற்றோர் கூட்டம். கம்பெனிகளுக்கு அன்றுதான் விடுமுறை. பெற்றோர்களையும் பிள்ளைகளின் ஜோடிப்படிதான் உட்காரவைப்பார். உங்கள் பிள்ளையின் மார்க்கை உங்களிடம் சொல்ல மாட்டார். ஜோடிப் பிள்ளையின் அம்மாவிடம் சொல்வார். நீங்கள் அவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்கப் போய், பேச்சு வளர்ந்து, ஒருத்தி டப்பாவில் இருக்கும் பிரியாணி இன்னொருத்தி டப்பாவுக்குப் போய், அங்கிருந்த புளிச்சோறு இங்கே வரும். இது பெரிய பேஜார் என்று எல்லோரும் முணுமுணுப்பார்கள். ஆனால் ஒருவரும் கூட்டத்துக்கு வராமல் இருந்ததில்லை.

இதுவரை சிரித்தது போதும். இனி பவித்ராவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பவித்ரா பத்தாவது. அவளுக்கு ஜோடி ஷபானா. பவித்ராவின் அப்பா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர், போனவர்தான். அம்மா செல்வி வீட்டிலேயே ஷூ தைத்தார். எங்கள் பக்கம் பல வீடுகளில் நடக்கும் வேலை இது. காலையில் ஏஜென்ட் ஷூவின் மேல்பாகங்களைப் பையில் கட்டிக் கொண்டுவந்து போடுவான். கையால் தைத்து வைத்தால் சாயங்காலம் எடுத்துப் போவான். பை முடியாவிட்டால் மறுநாள் பை வேறு வீட்டுக்குப் போய்விடும். செல்வியின் கட்டைவிரலில் ஊசி ஏறி, சீழ் பிடித்து, கடைசியில் விரலின் நுனியையே எடுத்துவிட்டார்கள். பை நிற்கவில்லை. ஊசி மகளின் கைக்கு வந்தது.

"லைன் நிக்குது சார்" என்று ஷபானா எழுந்து நின்றாள்.

ஜோடி சார் போனார். நானும் பாபுவும் வேனில் பின்னாலேயே போனோம். பவித்ரா தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள். செல்வி கட்டுப் போட்ட கையை மடியில் மறைத்துக்கொண்டார்.

"இவ வந்துட்டா பைய யாரு சார் முடிக்கிறது?"

  ஜோடி சார் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "நீ கெளம்பு. நான் தைக்கிறேன்" என்று ஊசியை வாங்கிக்கொண்டார். அத்தனை வருடம் பிறர் தையலில் குறை கண்டுபிடித்தவர். ஆனால் ஒரு தையல்கூடப் போட்டதில்லை. சாயங்காலம் ஏஜென்ட் வந்து பையைப் பிரித்தான். ஜோடியின் மேல் இருந்த பிரியத்தில் மனிதர் வலது ஷூவையும் இடது ஷூவையும் ஒன்றோடொன்று சேர்த்தே தைத்து வைத்திருந்தார்.

"இன்னா சார், ரெண்டு காலையும் உள்ள வுட்டுக்கிட்டு தவ்வித் தவ்வி போறதா?" என்று கேட்டான் ஏஜென்ட்.

செல்வி அழுதபடியே சிரித்தார். தோலில் போட்ட துளை போட்டதுதான், பிரித்தாலும் மூடாது. அத்தனையும் வீண். அன்று இரவு அந்த வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

காப்பாற்றியவர் ஜோடி சாருடைய மனைவிதான். எல்.கே.ஜி. மிஸ் என்று எல்லோரும் சொல்வோம். அதிகம் பேசாதவர். கணவர் செய்துவிட்டு வந்த காரியத்தைக் கேட்டு, "உங்கள யாரு ஊசியத் தொடச் சொன்னது?" என்றார். அவ்வளவுதான். மறுநாள் முதல் சின்னப் பிள்ளைகளை மதியமே அனுப்பிவிட்டு நேராகச் செல்வி வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். பவித்ராவின் பங்கு அவர் கையில் முடிந்தது. பவித்ரா பள்ளிக்கு வந்தாள். மிஸ்ஸின் விரல்கள் நூல் அறுத்துத் தடித்துப்போயின. சாக்பீஸ் பிடித்து எழுதும்போது 'அ' கொஞ்சம் கோணலாக வரும். எல்.கே.ஜி. பிள்ளைகள் அந்தக் கோணலையும் சேர்த்தே பழகிக்கொண்டார்கள்.

அரையாண்டுத் தேர்வு முடிந்த சமயம். ஒரு விடியற்காலையில் மிஸ்ஸுக்கு நெஞ்சு வலித்தது. வாயுவாக இருக்கும் என்று வெந்நீர் குடித்தார். பிறகு பாபுதான் பள்ளி வேனில் வேலூருக்கு ஏற்றிக்கொண்டு போனான். பள்ளிகொண்டா தாண்டும்போது உயிர் போய்விட்டது. வேனைத் திருப்பும்போது பாபுவுக்கு ரிவர்ஸ் கியர் விழவில்லையாம். 

அதற்குப் பிறகு ஜோடி சார் பள்ளிக்கு வரவில்லை. வீடு பள்ளியின் பின்கட்டுதான். கதவு திறந்தே இருக்கும். உள்ளே நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். நாங்கள் பாடம் எடுத்தோம் என்று பெயர். பவித்ராவும் வரவில்லை, அவள் ஊசிக்குத் திரும்பிவிட்டாள். ஷபானா தினமும் எழுந்து, "லைன் நிக்குது" என்று சொல்லிவிட்டு, தேடிப்போக ஆள் இல்லாததால் தானே உட்கார்ந்துகொள்வாள்.  சில பெற்றோர்கள் டி.சி. கேட்டு வந்தார்கள்.

நான் அவரிடம் போய், பொதுத்தேர்வு வருகிறது, பவித்ரா வரவில்லை என்றேன்.

"லைன மூடிடுங்க தமிழய்யா," என்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று எனக்கு அவர் மேல் கோபம்கூட வந்தது. ஒரு ஊரையே பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு அலைந்த மனிதர், தன் காலம் வந்ததும் இப்படி ஒற்றையாக உட்கார்ந்துவிட்டாரே என்று.

அடுத்த திங்கட்கிழமை காலை பிரார்த்தனைக்கு மணி அடித்தபோது பவித்ரா சீருடையில் வந்து நின்றாள். தலை வாரி, ரிப்பன் கட்டி, பக்கத்தில் ஷபானாவோடு. கேட்டுக்கு வெளியே ஷபானாவின் அம்மா. பேரணாம்பட்டுக் கடைக்குப் பீடி சுற்றித் தருபவர்.

"பை?" என்று கேட்டேன்.

"நானும் இன்னும் நாலு பேரும் பிரிச்சிக்கிட்டோம் சார். பீடி சுத்துற கை, ஊசி புடிக்காதா?"

"உங்களுக்கே வேலை ஜாஸ்தி ஆச்சே."

"இருக்கட்டும். மீட்டிங்ல செல்வி பொண்ணு மார்க்க எங்கிட்டதான சொன்னாரு? கணக்குல அம்பத்தி ரெண்டு. அது என் கணக்கு சார்."

இரண்டு பெண்களும் பின்கட்டுக்குப் போனார்கள். நானும் போனேன். ஜோடி சார் அதே நாற்காலியில் இருந்தார். தாடி வளர்ந்திருந்தது. கொடியில் மிஸ்ஸின் புடவை ஒன்று எடுக்கப்படாமலே காய்ந்துகொண்டிருந்தது. பவித்ரா வாசலில் நின்று, வகுப்பில் சொல்வதுபோலவே சொன்னாள்.

"லைன் நிக்குது சார்."

அவர் திரும்பிப் பார்த்தார். முதலில் அவள் முகத்தை, பிறகு அவள் கையை.

"தையல் யாரு?"

"ஷபானா அம்மா."

"ஒழுங்கா தைப்பாங்களா?"

"உங்கள விட நல்லா தைப்பாங்க சார்," என்றாள் ஷபானா.

அவர் முகம் கோணியது. சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தார். டிவிஎஸ்ஸில் ஏறிப் போகும் தூரம் இல்லை. ஆனாலும் ஷபானா ஒரு பக்கமும் பவித்ரா ஒரு பக்கமுமாகத்தான் அழைத்து வந்தார்கள்.

பிரார்த்தனையின் முடிவில் அவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "ஜோடி சரியா?" என்பார். பிள்ளைகள் பக்கத்தில் பார்த்துவிட்டு, "சரி சார்" என்பார்கள்.  அன்று மைதானமே அதற்குக் காத்திருந்தது. கடைசியில் எப்படியோ கேட்டுவிட்டார். எல்லோரும் சரி என்றார்கள். பத்தாம் வகுப்பு வரிசையிலிருந்து சற்று பலமாகவே வந்தது.

முன் வரிசையில் எல்.கே.ஜி. பெண் ஒன்று, மிஸ்ஸிடம் கோணல் 'அ' பழகியது, தலையைத் தூக்கிக் கேட்டது.

"சார், உங்க ஜோடி?"

யாராவது அந்தக் குழந்தையின் வாயைப் பொத்தியிருக்கலாம். ஒருவருக்கும் கை வரவில்லை. ஜோடி சார் குனிந்து அதன் காலர் பட்டனைப் போட்டுவிட்டார்.

"ஹோல்டுல இருக்குது கண்ணு," என்றார். பிறகு நிமிர்ந்து, "இன்னா பாத்துக்கிட்டு நிக்குறீங்க? கிளாஸுக்குப் போங்க" என்று எங்களையும் சேர்த்தே விரட்டினார்.

பவித்ரா தேர்வு எழுதினாள். தேறினாள். கணக்கில் ஷபானாவை விட இரண்டு மார்க் அதிகம். அதை அவளிடம் பள்ளியில் யாரும் சொல்லவில்லை. ஷபானாவின் அம்மா போய்ச் சொன்னார்.

நான் இப்போது வேலூருக்கு வந்துவிட்டேன். பள்ளி இன்னும் நடக்கிறது, நொண்டியடித்தபடி. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்ததும் ஜோடி சாரிடமிருந்து போன் வரும். நலமா, சாப்பிட்டீர்களா என்ற பேச்செல்லாம் கிடையாது. "ஜோடி சரியா?" என்று ஒரே கேள்வி. அதற்காகவே நான் காலையிலேயே பாபுவைக் கூப்பிட்டு அவன் சளி, சர்க்கரை, வேன் டயர் எல்லாவற்றையும் விசாரித்து வைத்துக்கொள்கிறேன்.

"சரி சார்," என்கிறேன். அவரிடம் அதைத் திருப்பிக் கேட்க மட்டும் எனக்கு இன்னும் வாய் வரவில்லை.