பெயரில்லாத ஓவியனுக்கு நெருங்கிய சொந்தம்

பெயர் தெரியாத பெரிய மனிதர்களுக்கெல்லாம் சொந்தக்காரர் என்று ஓர் இனம் உண்டு. புகழ் எந்த மூலையில் கிடந்தாலும் மோப்பம் பிடித்துப் போய், "அவரு நம்ம ஆளுங்க!" என்று தோளில் கை போட்டுவிடுவார். ஆள் செத்து எண்ணூறு வருஷம் ஆகியிருந்தால் இன்னும் வசதி. மறுக்க வரமாட்டான் அல்லவா?

ஸ்பெயின் நாட்டின் கத்தலோனியாவில், எங்கள் மலையூரில் இந்த இனத்துக்குப் பிரதிநிதி எவரிஸ்ட். பாலாடைக்கட்டி வியாபாரி. எங்கள் பழைய கோவிலில் ஒரு காலத்தில் சுவரெல்லாம் ஓவியமாம். எல்லாம் போக எங்களுக்கு மிஞ்சியது, ஆறு சிறகும் சிறகெல்லாம் கண்ணுமாக நின்ற ஒரே ஒரு சம்மனசு, அதாவது தேவதூதன். வரைந்தவன் யாரென்று எவருக்கும் தெரியாது. எவரிஸ்டைத் தவிர.

"எங்க பாட்டனுக்குப் பாட்டன்! மூக்கைப் பாருங்க!" என்று சம்மனசின் பக்கத்தில் நின்று முகத்தைத் திருப்பிக் காட்டுவார். கல்யாணமோ, கருமாதியோ, பன்றி அறுக்கும் நாளோ, எங்கே நாலு பேர் கூடி மதுக்குடுவையைக் கைமாற்றினாலும் அங்கே அந்த மூக்கு வரும்; மூக்கின் பின்னால் வம்சம் வரும்; வம்சத்தின் பின்னால், ஓவியனின் கைராசிதான் தன் பாலாடைக்கட்டியில் இறங்கியிருக்கிறது என்ற செய்தியும் வரும். படத்தை அவர் பார்த்ததே இல்லை. படம் பார்ப்பவர்களைத்தான் பார்ப்பார்.

போன கோடையில் ஒரு சலவைக்கல் பலகையோடு வந்தார். அதில் ஓவியன் பெயர் இல்லை, தெரிந்தால்தானே! தன் குடும்பப் பெயர் மட்டும் முழ நீளத்துக்கு. கோவிலின் வெளிச்சுவரில் பதிக்கவேண்டுமாம். கையில் துளைபோடும் எந்திரம்.

கோவில் சாவி வைத்திருக்கும் ரெமெய் குறுக்கே நின்றாள்.

"வேணாம் எவரிஸ்ட். சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் சம்மனசு நிக்குது. காரை ஏற்கெனவே உப்பிப் போய்க் கெடக்கு."

"எங்க பாட்டன் பூசின காரை ரெமெய். அதோட உறுதி எனக்குத் தெரியாதா?"

"அவரு பூசுறப்போ நீ பக்கத்துல நின்னு பாத்தியாக்கும்?"

"ரத்தம் சொல்லுது!"

ரத்தம் சொன்னது. எந்திரம் அலறியது. ஊர் கூடி வேடிக்கை பார்த்தது; பலகை கோணலாக இருக்கிறது என்று யோசனைகூடச் சொன்னது.

கடைசித் துளையில், உள்ளே ஏதோ சரிகிற சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தோம். சம்மனசு தரையில் கிடந்தது, சிவப்பும் நீலமுமாக, அப்பளம்போல நொறுங்கி. ரெமெய் மண்டியிட்டுத் துண்டுகளைத் தன் பாவாடையில் பொறுக்கினாள். சிறகின் கண் ஒன்று முழுசாகக் கிடைத்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

எவரிஸ்ட் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

"துக்கம் விசாரிக்க வர்றவங்க நம்ம வீட்டுக்கு வந்துருங்க. நாங்கதானே நெருங்கின சொந்தம்?"

போனார்கள்! வந்தவர்களுக்கெல்லாம் பாலாடைக்கட்டி கொடுத்து, பாட்டனின் கடைசிப் படைப்பு தன் கண்ணெதிரே உயிர்விட்ட கதையைச் சொன்னார். இப்போது வெளியூர்க்காரர்கள் பலகை முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். உள்ளே வெறும் சுவர். ரெமெய் கதவைத் திறப்பதில்லை.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. "அட, இந்த ஆளு எங்க தெருவுலயே இருக்காரே!" என்று யாரிடமோ சொல்லக் கிளம்பியும்விட்டீர்கள். கொஞ்சம் நில்லுங்கள். அதைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை தட்டுகிறதா?