ஈயத்துக்குக் காவல் வைத்த கல்

ஒளிநாடு என்றொரு நாடு இருந்தது. வரைபடத்தில் தேடி மெனக்கெட வேண்டாம். அந்நாட்டார் மின்விளக்கு செய்து கடல் கடந்தும் விற்றார்கள். உடைந்த விளக்குகளைப் பேட்டைக் கிணற்றருகே கொட்டினார்கள். கம்பிகளை ஒட்டிய பற்றவைப்பில் இருந்த ஈயம் மெல்லக் கிணற்றுக்குள் இறங்கியது.

விளக்கு வடிவமைக்கும் செங்கமலம் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தாள். அவள் மகளுக்கு ஐந்து வயதாகியும் பேச்சு வரவில்லை. பேட்டையில் அப்படி முப்பது பிள்ளைகள். வைத்தியர் கிணற்றைக் கைகாட்டினார்.

ஊர் கொதித்ததும் அரசாணை வந்தது: "விளக்கின் மொத்த எடையில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் ஈயம் கூடாது. விலையும் ஏறக் கூடாது."

செங்கமலம் மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, ஈயத்துக்குப் பதில் நஞ்சில்லாத வெள்ளீயமும் கொஞ்சம் வெள்ளியும் வைத்துப் பற்றவைத்தாள். செலவு கூடியது. மூடியில் இருந்த பித்தளைப் பூவைக் கழற்றி அதைச் சரிக்கட்டினாள்.

மற்ற பட்டறைக்காரர்கள் கெட்டிக்காரர்கள். ஈயத்தை அப்படியே விட்டு, விளக்கின் அடியில் ஒரு கருங்கல்லை வைத்து மூடினார்கள். எடை ஏறியது, பங்கு இறங்கியது, அரசின் பச்சை முத்திரை விழுந்தது.

தூய்மை அமைச்சர் பரஞ்சோதியார் செங்கமலத்தின் விளக்கைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"என்னம்மா, பஞ்சு மாதிரி இருக்கு? கல் எங்க?"

"கல் எதுக்குங்கய்யா? இதுல ஈயமே இல்ல."

"படிவத்துல கல் எடைன்னு ஒரு கட்டம் இருக்கு. அதைக் காலியா விட்டா தணிக்கைக்காரன் என் தலையை உருட்டுவான்."

முத்திரை கிடைக்கவில்லை. அடுத்த ஆணையில் கல் இல்லாத விளக்கு கள்ள விளக்கானது. கல் குத்தகை அமைச்சரின் மைத்துனருக்குப் போனது. விலை ஏறவில்லை, கல்வரி தனியாக வசூலானது. குடிமக்கள் விளக்கை இரண்டு கையாலும் தூக்கி நடந்தார்கள்.

தேர்தல் நெருங்கியது. பேட்டைக் கிணறு சுத்தமாகிவிட்டது, ஈயம் கோடியில் ஒரு பங்குகூட இல்லை என்று அமைச்சர் அறிவித்தார். செங்கமலம் ஒரு செம்பு கிணற்றுத் தண்ணீரோடு அவர் முன் போய் நின்றாள்.

"எதோட சேர்த்து அளந்தீங்க?"

"கடலோட. எல்லாம் தண்ணிதானேம்மா."

"அப்ப ஒரு வாய் குடிங்க."

அமைச்சர் செம்பைப் பார்த்தார். அதிகாரிகளைப் பார்த்தார். அவர்களுக்கெல்லாம் திடீரென்று கோப்பு படிக்கிற வேலை வந்துவிட்டது.

மறுநாள் ஆணை வந்தது: "அமைச்சரிடம் கிணற்று நீர் கொண்டுவருவோர் கடலையும் உடன் கொண்டுவர வேண்டும். இந்தத் தண்ணீரைக் குறித்துப் பேட்டைப் பிள்ளைகள் முப்பது பேரும் இதுவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை என்பதை அரசு மகிழ்ச்சியுடன் பதிவு செய்கிறது."