வராந்தா லைட்டும் பெரியமாமாவும்

'டெம்பரரிலி' என்ற ஆங்கிலச் சொல்லைப் பரீட்சையில் பிழையின்றி எழுதியவள் நான். "குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும், பிறகு பழையபடி" என்று விளக்கமும் எழுதினேன். முழுப் புள்ளி. வீட்டில் பயன்படுத்தியபோதுதான் சறுக்கியது.

ஆரையம்பதியில் அக்காவுக்கென்று புது வீடு கட்டியிருந்தோம். எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். ஆகவே அவருடைய ஆட்கள் பெண்ணைவிட வீட்டைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். அவர்கள் வருவதற்கு மூன்று கிழமை முன்பு தண்ணீர் மோட்டரின் சுவிட்ச் எரிந்துபோனது. மின்னியல் டிப்ளோமா முடித்த நான் (வேறு யார்?) மோட்டரை வராந்தா லைட்டின் சுவிட்சோடு சேர்த்துவிட்டேன்.

"டெம்பரரிலிதான், அம்மா."

"எப்பகா மாத்துவாய்?"

"மாத்துறன்."

அந்தச் சொல்லுக்கு மூன்று சாமான் வேண்டும்: தொடங்கும் நாள், முடியும் நாள், முடித்துவைக்கும் ஆள். என்னிடம் முதலாவது மட்டும் இருந்தது. லைட்டைப் போட்டால் கூரைமேல் இருக்கும் தாங்கிக்குத் தண்ணீர் ஏறும் என்பது நாலே நாளில் வீட்டு வழக்கமாகிவிட்டது.

அவர்கள் வந்த பின்னேரம், விருந்தாளிகளுக்காகத் தாங்கியை விளிம்புவரை நிரப்பி வைத்தேன். மாப்பிள்ளையின் பெரியமாமா வாசல் படியருகே கதிரையில் இருந்தார். அவர் தலையாட்டினால்தான் கலியாணம். அந்தத் தலைக்கு நேர் மேலே தாங்கி நிரம்பி வழியும் குழாய். மாப்பிள்ளையின் அம்மா அறை அறையாகச் சுவிட்சுகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டே வராந்தாவுக்கு வந்தார்.

"இதும் பத்துதா எண்டு பாப்பம்."

"மாமி, அது..." என்றேன். (மிச்சத்தைச் சொன்னால் என் வயரிங் அம்பலமாகும். நிறுத்திக்கொண்டேன்.)

லைட் பத்தியது. மோட்டர் உறுமியது. ஏற்கெனவே நிரம்பியிருந்த தாங்கி வழிந்தது. பெரியமாமா நனைந்தார், கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை மீண்டும் நிரம்பியது. அக்கா கதவுக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்ன புள்ள இது?"

"சுவிட்ச் எரிஞ்சிட்டு மாமா. நான்தான் மாத்திக் கொழுவினன். டெம்பரரிலி."

"எத்தின நாளா?"

"மூண்டு கிழமையா."

அவர் வேட்டி நுனியைப் பிழிந்தார்.

"தண்ணி வசதி எப்பிடி எண்டு கேக்கத்தான் இருந்தன். இனித் தேவையில்ல" என்று துவாய்க்குக் கையை நீட்டினார்.

கலியாணம் நடந்தது. பெரியமாமா குடையோடு வந்திருந்தார். வெயில் காலம்.

சுவிட்சை நான் இன்னும் மாற்றவில்லை. அத்தான் அதன் கீழே 'தற்காலிகம்' என்று எழுதி ஒட்டியிருக்கிறார். மை வெளிறினால் அவரே புதுத் தாளில் எழுதி ஒட்டுவார். இப்போதிருப்பது நாலாவது தாள்.